ஆளும் நாளும்

எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். வாசகசாலை மலருக்கு வயதில் மூத்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது. படிப்பும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. கிடங்கில் இறங்கும் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் நான் செய்துவரும் எழுத்து வேலை. வார்த்தை எங்காவது பிசகியிருந்தால், என்னோடு ஒரே காலத்தில் பலப்பம் பிடித்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் என் இளைய மகள் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டினால், ஐந்து பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, இது நேர் விகிதமா எதிர் விகிதமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு விடை தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் என் வலது கால் தானாகத் தரையிலிருந்து எழும்பியது. ஏறுவதற்கு அங்கே பெஞ்சு ஒன்றும் இல்லை. ஏன் வாப்பா காலைத் தூக்குறீங்க என்று அவள் சிரித்தாள். அவளுக்கு அப்போது சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் இருந்தோம். இன்று இருப்பது போல அங்கே கடைகள் நெருக்கியடித்து நிற்கவில்லை. சாலைக்குப் பின்னால் சதுப்பு நிலம். கடல் ஏறும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்கும். இறங்கினால் சேற்று நாற்றம் வீட்டுக்குள் வரும். சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் குட்டைகளில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். வாப்பாவுக்குச் சாக்குக் கடை. பழைய அரிசிச் சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து விற்பார். கடைக்கு மேலே குடியிருந்ததால் எங்கள் தலையணை, சட்டை, சோறு எல்லாவற்றிலும் சணல் தூசி இருக்கும். வாப்பாவின் கோணி ஊசி மரத்தூணில் குத்தியபடி இருக்கும். அது வளைந்து, நடுவில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. பிற்காலத்தில் வீடு மாறியபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் பாதிரிமார் நடத்திய ஆங்கிலத் தமிழ்ப் பள்ளி. தகரக் கூரை. மழை பிடித்தால் பாடம் நின்றுவிடும். வாத்தியார் சொல்வது அவருக்கே கேட்காது. அந்த ஆண்டு எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு வாத்தியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சின்ன வயதுதான். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, அதன் கையில் எப்போதும் சுண்ணாம்புத் தூள். பேசும்போது கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். அது கோபக்காரர்களின் வழக்கம் என்று நாங்கள் நினைத்தோம். வருகிற இன்ஸ்பெக்டர் துரை அவர் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் அவருக்கு அந்த வேலை நிலைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

மூன்று எண்ணைக் கொடுத்து நாலாவதைக் கேட்கும் கணக்கை அவர்தான் எங்களுக்கு ஆரம்பித்தார். பெருக்குவதும் வகுப்பதும் எங்களுக்கு வரும். எதை எதால் பெருக்குவது என்பதில்தான் எல்லாரும் விழுந்தோம். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பின் முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, இரண்டு பையன்களை அதன் பக்கத்தில் நிறுத்துவார். ஒருவன் சாக்கு, ஒருவன் அரிசி. சாக்கு கூடினால் சாக்குப் பையன் பெஞ்சின் மேல் ஏறுவான். அரிசிப் பையனும் கூடவே ஏறி "கூடும்" என்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால், சேர்ந்து இறங்கினால், அது நேர்க் கணக்கு. அடுத்தது ஆளும் நாளும். ஆள் ஏறினால் நாள் குந்திக்கொண்டு "குறையும்" என்பான். ஆள் குந்தினால் நாள் ஏறி "கூடும்" என்பான். ஒருவன் ஏற ஒருவன் இறங்கினால் எதிர்க் கணக்கு. அதைப் பார்த்த பிறகுதான் சிலேட்டைத் தொடலாம். இன்றுவரை அதைவிட நல்ல முறையை நான் கண்டதில்லை.

ஆளாக நின்றவன் என் பக்கத்து இடத்துக்காரன். வகுப்பிலேயே உயரமானவன், கிறிஸ்தவ வேதக்காரப் பையன். அவனுடைய அப்பா தங்ளின் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல் வேலையில் இருந்தார். வகுப்பிலேயே குள்ளமான நான் நாள். எங்களுக்குப் பெயரே அப்படி ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால், "என்னடா நாளே, இன்னிக்கி ஏறுமுகமா எறங்குமுகமா?" என்று பெரிய வகுப்புப் பையன்கள் கேட்பார்கள். ஆள்தான் எனக்காகப் பதில் சொல்வான்.

வாப்பா அப்போது ஊருக்குப் போயிருந்தார். நாகூரில் என் மாமிக்கு, அதாவது வாப்பாவின் தங்கைக்கு, நிக்காஹ். ஆளின் அப்பாவும் திருச்சிப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். திரும்பும்போது இரண்டு பேரும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறினார்கள். துறைமுகத்தில் படகு வேலை பார்த்த என் தாய்மாமாதான் இதை முதலில் வந்து சொன்னார். அடுத்த செய்தியையும் அவரே கொண்டுவந்தார். கப்பலில் அம்மை கண்டிருந்தது. கீழ்த்தட்டில் வந்தவர்கள் அத்தனை பேரையும் கரைக்கு விடாமல், தெற்கே உள்ள தீவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மாமா படியில் நின்றபடியே சொன்னார். உம்மா அடுப்பில் இருந்தார். எத்தனை நாள் என்று உம்மா கேட்கவில்லை, மாமாவாகத்தான் ஆரம்பித்தார்.

"இன்னும் ஒருத்தருக்குக் கொப்புளம் கண்டா, மறுபடி முதல்லேருந்து எண்ணுவாங்களாம் லாத்தா. நாள் கூடும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

உம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பேச்சு இந்த வூட்டுக்குள்ள வேணாம் தம்பி. வாயால சொன்னா பலிச்சிடும். வந்துடுவாஹன்னு மட்டும் சொல்லு."

மாமா உடனே, "இன்ஷா அல்லா, வந்துடுவாஹ," என்றார்.

எங்கள் வீட்டில் இப்படிச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பயணம் போனவருடைய பீங்கான் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கக் கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அவர் வரும் நாளை விரல் விட்டு எண்ணக் கூடாது. இப்போது இன்னொன்று சேர்ந்துகொண்டது. நாள் கூடும் என்று சொல்லக் கூடாது. உம்மா எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்வதே என் வேலை என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது கணக்குடா என்று சிரித்திருப்பாரோ என்னவோ.

மறுநாளிலிருந்து கணக்கு வேளை வந்தாலே ஆள் ஏறுவானா குந்துவானா என்றுதான் பார்ப்பேன். ஆள் ஏறினால் கவலையில்லை. குந்திக்கொண்டு "குறையும்" என்று உரக்கச் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது தீவில் ஒரு நாள் குறைவதாகவே எனக்குத் தோன்றும். ஆள் குந்தினால்தான் ஆபத்து. பெஞ்சில் ஏறுவேன், வாயை மட்டும் அசைப்பேன். வகுப்பு முழுவதும் சேர்ந்து "கூடும்" என்று கத்துவதால் வாத்தியாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கீழே குந்தியிருந்த ஆளுக்கு மட்டும் என் வாய் தெரியும். அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் இன்னொரு கப்பலிலிருந்தும் ஆட்களை அதே தீவில் இறக்கியிருப்பதாக மாமா சொன்னார். அந்த வாரம் வாத்தியார் கோட்டைக் கணக்குக்கு வந்திருந்தார். ஒரு கோட்டையில் இத்தனை சிப்பாய்கள், அவர்களுக்கு இத்தனை நாளைக்கு உணவு. மேலும் சிப்பாய்கள் வந்து சேர்ந்தால் உணவு எத்தனை நாள் வரும்? ஆள் ஏறினான். நான் குந்தினேன். ஆனால் இந்த முறை "குறையும்" என்பதையும் சொல்ல மனம் வரவில்லை. குறைவது சோறு அல்லவா. நான் எழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஐயா, புதுசா வர்றவங்க அவங்க அரிசியைக் கொண்டு வருவாங்களா?"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பொத்தான் திருகித் திருகிக் கையோடு வந்துவிடும் போல இருந்தது. பிரம்பை எடுத்து உள்ளங்கையில் கொடுத்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் மாமாவை வழியில் பார்த்து, பையன் சாதுவாகத் தெரிகிறான், உள்ளே குறும்பு இருக்கிறது, கணக்கில் மனம் இல்லை, கடையில் உட்கார வைப்பதே நல்லது என்று சொல்லியிருக்கிறார். வாப்பா தீவில் இருப்பதை மாமா அவரிடம் சொல்லவில்லை. அம்மைக் கப்பல் என்று தெரிந்தால் எங்களையும் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது மாமாவின் பயம். ஆளின் வீட்டிலும் அதே பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒவ்வொருவரும் நல்லதை நினைத்தே சும்மா இருந்துவிட்டார்கள்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் ஆள் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். ட்ராம் வண்டிக்குப் பின்னால் ஓடியும் நடந்தும் போனோம். கடலில் கப்பல்களும் தோணிகளுமாக நெரிசல். அதற்கு அப்பால் பச்சைத் திட்டுகள் பல தெரிந்தன. எது அந்தத் தீவு என்று எங்களுக்குத் தெரியாது. ஆள் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான்.

"அதோ பாரு, எங்கப்பா தலை தெரியுது. பக்கத்துல தொப்பி போட்டுக்கிட்டு உங்க வாப்பா. ரெண்டு பேரும் சண்டை போடுறாங்க."

"எதுக்கு?"

"எங்கப்பா மத்தவங்க ஆக்குற சோத்தைத் திங்க மாட்டாரு. உப்பில்லம்பாரு. உங்க வாப்பாகிட்ட உப்பு கேக்குறாரு."

நானும் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். எந்தப் பக்கம் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சுற்றினேன். அன்றுதான் அவனிடம் உம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கணக்குல இருக்கிற நாளுக்கும் தீவுல இருக்கிற நாளுக்கும் என்னடா சம்பந்தம்? அது சிப்பாய் நாளு. வெள்ளைக்காரச் சிப்பாயி," என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் பயம் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் துரை வரும் நாள் குறிக்கப்பட்டது. வாத்தியார் ஆளையும் நாளையும் துரை முன்னால் நடத்திக் காட்டப்போவதாகச் சொன்னார். வகுப்பு கத்தக் கூடாது, எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், நாள் மட்டும் விடையைச் சொல்ல வேண்டும் என்றார். காய்ச்சல் வர வேண்டும் என்று வெயிலில் நின்று பார்த்தேன். பிறகு, அம்மையும் காய்ச்சலில்தான் தொடங்கும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, நிழலுக்கு ஓடிவந்தேன். முந்தின நாள் சாயங்காலம் மாமா வந்தபோது உம்மா கேட்காமலே அவர் முகத்தைப் பார்த்தார். மாமா, "புதுசா யாருக்கும் இல்லையாம். இப்படியே போனா ஒரு கூட்டத்தை விட்டுடுவாங்களாம்," என்றார். இப்படியே போனால். அது கெட்டுப்போக ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தோன்றியது.

துரை வந்தார். வயதானவர். வெயிலில் முகம் சிவந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தமிழ் தெரியாது, மலாய் கொஞ்சம் தெரியும். வாசிப்பு, எழுத்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் பெஞ்சை இழுத்துப் போட்டார். சாக்கும் அரிசியும் ஏறி இறங்கியதைப் பார்த்துத் துரை முதல்முறையாகச் சிரித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார் வாத்தியார். துரைக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிக் கோட்டைக் கணக்கைத் தமிழில் சொன்னார். கோட்டையில் சிப்பாய்கள் இருக்கிறார்கள், இத்தனை நாளுக்கு உணவு இருக்கிறது. "இப்ப பாதிச் சிப்பாய் இல்லாம போயிட்டா?"

ஆள் குந்தினான்.

நான் நின்றேன். ஏற வேண்டும் என்று தெரிகிறது, கால் அசையவில்லை. கூரையில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. வாத்தியார் மெதுவாக, "ஏறுப்பா," என்றார். அவர் ஒருநாளும் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவர் கை கோட்டுப் பொத்தானை இறுகப் பிடித்திருந்தது. அது கோபம் இல்லை என்று நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குள் இருந்த அதே பயம். துரை குனிந்து என் முகத்தைப் பார்த்து மலாயில், "சாக்கிட்கா?" என்று கேட்டார். உடம்புக்கு முடியவில்லையா என்றுதான் கேட்டார். அந்த நாட்களில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தீவுதான் நினைவுக்கு வரும்.

அப்போது கீழே குந்தியிருந்த ஆள் என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தான். தோளால் என்னை முட்டி மேலே ஏற்றினான். நான் தள்ளாடி நின்றேன். அவன் திரும்பவும் பழைய இடத்தில் குந்திக்கொண்டு, தலையை மட்டும் நிமிர்த்தி, தெளிவாகச் சொன்னான்.

"ஆள் குறைஞ்சா நாள் கூடும், சார்."

துரை வாய்விட்டுச் சிரித்தார். ஆள் நாளைத் தூக்கி நிறுத்துவதும் பாடத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வாத்தியாரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். வாத்தியாரின் முகம் வியர்வையில் பளபளத்தது. அன்று அரை நாள் விடுமுறை விட்டார்கள்.

நானும் ஆளும் வாய்க்கால் ஓரமாக நடந்தோம். தண்ணீர் இறங்கியிருந்தது, சேற்றில் நண்டுகள் ஓடின. எனக்கு மனம் லேசாக இருந்தது. நான் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அவன் ஒரு கல்லை எடுத்துச் சேற்றில் எறிந்தான்.

"சொன்னா என்னமோ ஆயிடும்னியே. பாரு, நான் சத்தமா சொல்லிட்டேன். எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலைல்ல?"

ஆகவில்லை என்று நான் தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் வாப்பா வந்தார். முதல் படகில் விட்ட கூட்டத்தில் அவர் இருந்தார். தலையை மழித்திருந்தார்கள். துணியெல்லாம் மருந்து வாடை. அவர் எலும்பாக வருவார் என்று நான் நினைத்திருந்தேன். போனபோது இருந்ததைவிடக் கன்னம் சதைபிடித்திருந்தது. உம்மா நிமிர்த்தி வைத்திருந்த பீங்கானில் சோறு போட்டு, அங்கே சாப்பாடு ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்டார். வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சோத்துக்குக் குறையில்ல. ஆளு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு, அவங்க பங்கையும் எங்களுக்கே போட்டாங்க," என்றார். பிறகு, அந்தச் சமையல்காரர், ஆளின் அப்பா, போன வாரமே போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், அவர் வீட்டுக்குச் சொல்ல மாமாவை அனுப்பியிருக்கிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். சாப்பாட்டை முடிக்காமல் கையைக் கழுவினார். என்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டார். நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. கணக்கு வேளையில் வாத்தியார் வேறொரு பையனை ஆளாக நிறுத்தினார். அவன் குந்தினான். நான் பெஞ்சின் மேல் ஏறி, வாய்விட்டு "கூடும்" என்றேன்.